கேள்வி ஏழு: எத்தனை அடுப்பு?

பிப்ரவரி 4, செவ்வாய்

குளியலறையில், கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் உட்கார்ந்து எழுதுகிறேன். காலை ஆறு மணி. இந்த வீட்டில் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொள்ள முடிகிற இடம் இது ஒன்றுதான். குழாயைக் கொஞ்சமாகத் திறந்து வைத்திருக்கிறேன். குளிக்கிறேன் என்று நினைத்துக்கொள்ளட்டும்.

ஏழு பேர், இரண்டு அறை, ஒரு கூடம். ஓர் அறையில் நான், இவர், மகள். இன்னொன்றில் கொழுந்தன், ஓரகத்தி, அவர்களுடைய நாலு வயதுக் குட்டி. கூடத்தில், ஜன்னலோரக் கட்டிலில் மாமனார். சமையலறைக்குப் போவதானாலும் வாசலுக்குப் போவதானாலும் அவர் கட்டிலை உரசிக்கொண்டுதான் போக வேண்டும். எங்கள் எல்லாருக்கும் அவர்தான் சுங்கச்சாவடி.

இன்று எங்கள் வீட்டுவசதித் திட்ட அலுவலகத்துக்கு மண்டலத்தின் ஐந்து நகரத் தலைவர்களும் வருகிறார்கள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். எனக்கு ஐந்து பக்கமும்.

கதவைத் தட்டுகிறார்கள். ஓரகத்தி. "அக்கா, ஷிஃப்டுக்கு நேரமாச்சுக்கா."

பிப்ரவரி 5, புதன்

நேற்றைய கூட்டம். புது வீடுகள் வேண்டாம் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. எல்லாருமே 'வேணும்தான், ஆனா எங்க ஊர்ல வேணாம்' கட்சி. ஏரிக்கரை நகரத் தலைவர் மேசையைத் தட்டித் தட்டிப் பேசினார். "எங்க ஜனங்க ஜன்னலைத் திறந்தா ஏரி தெரியணும்னுதான் குடிவந்தாங்க. எதிர்வீட்டுக் கொடியில காயற துணி தெரியணும்னு இல்லை."

எங்கள் இயக்குநர் எல்லாவற்றுக்கும் "ஆகட்டும், பாக்கலாம்" என்றார். அலுவலகத்தில் அவருக்குப் பெயரே 'ஆகட்டும்'தான். நேற்று மட்டும் பதினொரு தடவை சொன்னார். எண்ணியது எங்கள் புள்ளிவிவர அலுவலர். அவர் எதையும் புள்ளிக்குப் பின் ஓர் இலக்கம் வைத்துத்தான் சொல்வார், அதனால் அவர் 'தசமம்'. "பதினொன்னு புள்ளி அஞ்சு மேடம்," என்றார் காதருகில். "கடைசியா சொன்னப்ப பாதியில இருமல் வந்துடுச்சு."

பிப்ரவரி 11, செவ்வாய்

"அம்மா, நீ ஆபீஸ்ல என்னதான் பண்றே?" என்று கேட்டாள் மகள். பதினேழு வயது. பரீட்சைக்குப் படிக்கிறாள், அலமாரிக்கும் கட்டிலுக்கும் நடுவில் இருக்கிற இரண்டடி இடத்தில்.

சொன்னேன். அடுத்த பதினைந்து வருஷத்தில் இந்த மண்டலத்தில் எத்தனை புது வீடு வேண்டும் என்று ஓர் எண் போடுவோம். அதற்குப் பெயர் வீட்டு இலக்கு. அதை ஐந்து நகரங்களுக்கும் பங்கு பிரிப்போம். எந்த ஊருக்கு எவ்வளவு பங்கோ, அவ்வளவு வீட்டுக்கு அந்த ஊர் நிலம் ஒதுக்கி அனுமதி கொடுத்தே ஆக வேண்டும். எண் பெரிதானால் வீடு வரும். சின்னதானால் பதினைந்து வருஷத்துக்கு யாரும் வாயைத் திறக்க முடியாது.

"அப்ப பெரிய எண்ணா போட்டுடும்மா," என்றாள். அவளுக்கு எல்லாம் சுலபம்.

அப்படிப் போட முடியாது. அதற்குத்தான் கணக்கெடுப்பு. அடுத்த மாதம் ஆறாயிரம் வீட்டில் போய்க் கேட்கப் போகிறார்கள். பதினான்கு கேள்வி. முக்கியமானது ஏழாவது: ஒரு வீட்டுக்குள் எத்தனை குடித்தனம் அடைந்து கிடக்கிறது? தசமம் அதை அரைப் பக்கத்துக்கு எழுதி வைத்திருந்தார். 'பொருளாதார ரீதியில் சார்ந்து வாழும் உறவுக்குழு' என்று என்னென்னவோ. கதவு திறக்கிறவர் பயந்து கதவைச் சாத்திவிடுவார். அடித்துவிட்டு நான் ஒரே வரியில் எழுதினேன்:

இந்த வீட்டில் எத்தனை அடுப்பு எரிகிறது?

தனித்தனியாக ஆக்கிச் சாப்பிட்டால் தனித்தனிக் குடித்தனம். யாருக்கும் புரியும், யாரும் எண்ணலாம். 'ஆகட்டும்' கூட அன்றைக்கு "பேஷ்" என்றார். இருபது வருஷ வேலையில் இந்த ஒரு வரிக்குத்தான் எனக்குப் பாராட்டுக் கிடைத்திருக்கிறது.

பிப்ரவரி 20, வியாழன்

காலையில் ஃபியூஸ் போயிற்று. வீடு முழுக்க இருட்டு. ஓரகத்தி அறையிலிருந்து கருகிய வாசனை. உள்ளே போனேன். அலமாரிக்குப் பின்னால், தரையில், ஒரு கரண்ட் அடுப்பு. மேலே பால் பாத்திரம், பக்கத்தில் இரண்டு முட்டை.

அவள் முகம் வெளுத்துவிட்டது. ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தில் வேலை, ஆறரைக்குள் கிளம்ப வேண்டும். சமையலறையில் அந்நேரம் நான் இருப்பேன், எனக்குப் பின்னால் கொழுந்தன் வெந்நீருக்கு நிற்பான். குட்டிக்குப் பால் காய்ச்ச அவளுக்கு முறை வருவதற்குள் பஸ் போய்விடும். இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் அவள் சொன்னது வேறு.

"அதுக்கு மட்டும் இல்லைக்கா. எனக்குப் பிடிச்ச மாதிரி ஒரு டீ போட்டுக் குடிக்கணும்னு இருந்துச்சு. மாமாகிட்ட சொல்லிடாதீங்க."

சொல்லவில்லை. 'என் வீட்ல ஒரே அடுப்பு' என்பதுதான் மாமாவின் கிரீடம். அத்தை போன பிறகு இரண்டு பிள்ளைகளையும் பிரியாமல் கட்டிக் காத்தேன் என்று பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம்கூடச் சொல்வார்.

மார்ச் 8, சனி

எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்கள்!

ஆறாயிரம் வீட்டில் எங்கள் வீடும் சீட்டுக் குலுக்கலில் விழுந்திருக்கிறது. கணக்கெடுக்க வந்த பெண்ணுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. மாமா கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து அவளுக்கு நாற்காலி போடச் சொன்னார். ஒவ்வொரு கேள்விக்கும் பரீட்சை எழுதுகிற மாதிரி பதில். நான் சமையலறை வாசலில் நின்று என் கேள்விகளை இன்னொருத்தி குரலில் கேட்டேன்.

"இந்த வீட்டில் எத்தனை அடுப்பு எரிகிறது?"

மாமா சிரித்தார். "ஒன்னுதாம்மா. என் பொண்டாட்டி ஏத்தின அடுப்பு. இன்னிக்கு வரைக்கும் ஒன்னுதான். எழுதிக்க."

ஓரகத்தி தரையைப் பார்த்தாள். கொழுந்தன் மொபைலைப் பார்த்தான். இவர் என்னைப் பார்த்தார். நான் அந்தப் பெண்ணின் பேனாவைப் பார்த்தேன். 1 என்று எழுதினாள். நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

மார்ச் 9, ஞாயிறு

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். என்னவென்று?

ஏப்ரல் 3, வியாழன்

முடிவு வந்துவிட்டது. நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு வீட்டில் ஒரே அடுப்பு.

ஓர் அடுப்பு என்றால் ஒரு குடித்தனம். அதற்கு ஏற்கெனவே ஒரு வீடு இருக்கிறது. கணக்கு தீர்ந்தது. வரைவில் இருபத்தோராயிரம் என்று போட்டிருந்த இலக்கு பன்னிரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்துக்கு இறங்கிவிட்டது. தசமத்தின் தாளில் 12,943.6. "இந்தப் புள்ளி ஆறு வீட்டுல யார் இருப்பாங்க?" என்று கேட்டேன். வழக்கமாகச் சிரிப்பவர் சிரிக்கவில்லை.

"மேடம், ஒரு விஷயம் உதைக்குது. எட்டு பேர், பத்து பேர் இருக்கிற வீட்லதான் 'ஒன்னு' அதிகம். தொண்ணூத்தி ஏழு புள்ளி ரெண்டு. நாலு பேர் இருக்கிற வீட்ல தைரியமா ரெண்டுங்கிறாங்க. தலைகீழால்ல இருக்கணும்?"

எனக்குத் தெரியும் ஏன் என்று. அடுப்பு ரெண்டாச்சு என்றால் குடும்பம் உடைந்துவிட்டது என்றுதானே நம் பேச்சில் அர்த்தம்? நான் எத்தனை குடித்தனம் என்று கேட்டதாக நினைத்தேன். அவர்கள் காதில் விழுந்தது 'உங்க குடும்பம் உடைஞ்சிடுச்சா?' முன்பின் தெரியாத பெண் வாசலில் நின்று கேட்டால் யார் ஆமாம் என்பார்கள்? நெருக்கியடித்துக் கிடக்கிறவர்கள்தான் முதலில் இல்லை என்பார்கள். தமிழ் தெரிந்த யாருக்கும் இது புரிந்திருக்கும். இருபது வருஷமாக எண்ணையே பார்த்துப் பார்த்து எனக்குச் சொல் மறந்துபோயிற்று.

ஐந்து நகரத் தலைவர்களும் இயக்குநருக்கு வாழ்த்துச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

ஏப்ரல் 7, திங்கள்

அலுவலகத்தில் தட்டச்சு செய்யும் அம்மாவிடம் பேச்சுவாக்கில் கேட்டேன், உங்கள் வீட்டுக்கு வந்தார்களா என்று. வந்தார்களாம். என்ன சொன்னீர்கள்?

"ஒன்னுன்னுதான். மூத்த மருமக தனியாத்தான் பொங்கிக்கிறா. அதுக்காக? ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? வீட்டு விஷயத்தை வெளியில சொல்லுவாங்களா மேடம்!" என்று என்னையே கோபித்துக்கொண்டாள்.

ஏப்ரல் 10, வியாழன்

இயக்குநர் அறை. கதவைச் சாத்திவிட்டுச் சொன்னேன், கேள்வி ஏழு தப்பு, மறுபடி எடுக்க வேண்டும் என்று.

முதல்முறையாக அவர் "ஆகட்டும்" சொல்லவில்லை.

"கேள்வி உங்களுது. பாராட்டு வாங்கினதும் நீங்க. இப்ப தப்புங்கிறீங்க. ஆதாரம்?"

தசமத்தின் அட்டவணையைக் காட்டினேன். பெரிய குடும்பங்கள் ஒற்றுமையாக இருக்கின்றன என்றுகூட அதற்குப் பொருள் சொல்லலாமாம். சொல்லலாம்தான். வேறு ஆதாரம்? எங்கள் வீடு என்றேன். வாய் தவறி வந்துவிட்டது.

அவர் மெதுவாக நாற்காலியில் சாய்ந்தார். "நீங்க அரசு வீட்டு ஒதுக்கீட்டுப் பட்டியல்ல இருக்கீங்கல்ல? எத்தனை வருஷமா? ஒன்பதா? தனக்கு வீடு கிடைக்கணும்னு இலக்கை ஏத்துறாங்கன்னு நாளைக்கு ஏரிக்கரைக்காரர் கேப்பாரு. என்ன சொல்வீங்க?"

திட்டமிடுகிறவள் தனக்கு வேண்டும் என்று கேட்கக் கூடாது. வேண்டியவள் திட்டமிடக் கூடாது. அப்படியானால் நான் எந்தப் பக்கம் நிற்பது? சொன்னால் வேலை போகும், பட்டியலில் இடம் போகும், மாமாவின் மானம் போகும். சொல்லாவிட்டால் பதினைந்து வருஷம். மகளுக்கு முப்பத்திரண்டு வயது ஆகியிருக்கும். விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

ஏப்ரல் 22, செவ்வாய்

இவரோடு சண்டை. வீட்டில் சண்டை போட இடமில்லாததால் பஸ் நிறுத்தத்துக்குப் போய்ப் போட்டோம். எங்கள் பஸ் இரண்டு போக விட்டோம்.

"எதுக்கு இப்ப இதெல்லாம்? அப்பா மூஞ்சியில எப்படி முழிப்பேன்?"

"உங்கப்பா சொன்னது பொய்."

"பொய்தான். நல்லதுக்குச் சொன்ன பொய். உனக்கென்ன, பேப்பர்ல ஒரு நம்பர். அவருக்கு அது வாழ்க்கை."

"எனக்கும் அது வாழ்க்கைதாங்க! பதினெட்டு வருஷமா உங்ககூட ஒரு வார்த்தை சத்தமா பேசினதில்லை நான். தெரியுமா? இங்க வந்து நின்னுதான் பேச வேண்டியிருக்கு."

பக்கத்தில் நின்ற ஓர் அம்மா நகர்ந்து எங்களுக்கு இடம் விட்டாள். அந்த இரக்கம்தான் தாங்க முடியவில்லை. அழுதுவிட்டேன். மூன்றாவது பஸ்ஸில் ஏறினோம்.

மே 6, செவ்வாய்

எலி வளையானாலும் தனி வளை வேண்டும். எலிக்குத் தெரிகிறது.

மே 14, புதன்

நாளை கடைசிக் கருத்துக்கேட்புக் கூட்டம். அதோடு எண் உறுதியாகிவிடும். நான் போவது தொழில்நுட்ப விளக்கம் கேட்டால் சொல்ல மட்டும். இயக்குநர் எழுதியே கொடுத்துவிட்டார்: 'அலுவலகத்துக்குக் கூடுதல் கருத்து எதுவும் இல்லை.' ஐந்து சொல். மனப்பாடம் செய்ய வேண்டுமா என்ன?

மே 15, வியாழன்

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

நகராட்சிக் கூடம். இருநூறு பேர் இருப்பார்கள். முன்வரிசையெல்லாம் வீட்டுக்காரர் சங்கங்கள். ஏரிக்கரைத் தலைவர் எழுந்தார். நன்றாகவே பேசினார், அதைச் சொல்லத்தான் வேண்டும்.

"இது எங்க கணக்கு இல்லை. அவங்க ஆபீஸ் எடுத்த கணக்கு. நூத்துக்குத் தொண்ணூத்தி நாலு வீட்ல ஒரே அடுப்பு! நம்ம ஜனங்க சேர்ந்து வாழ ஆசைப்படுறவங்க. அண்ணன் தம்பியைப் பிரிச்சு ஆளுக்கொரு பெட்டியில அடைக்கணும்னு அரசாங்கத்துக்கு என்ன அவசரம்?"

கைதட்டல். வீடு கேட்டு வந்து பின்வரிசையில் இருந்தவர்களும் தட்டினார்கள். தட்டாமல் என்ன செய்வார்கள்? குடும்பம் ஒற்றுமையாக இருக்கிறது என்று ஒருவர் சொல்லும்போது கையைக் கட்டிக்கொண்டா உட்கார முடியும்? எனக்கே கை தட்ட வந்தது. அதுதான் என்னைச் சுட்டது.

கூட்டத் தலைவர், ஓய்வு பெற்ற நீதிபதி, என் பக்கம் திரும்பினார். அலுவலகத்தின் கருத்து?

எழுந்தேன். அந்த ஐந்து சொல் நாக்கில் தயாராக இருந்தது.

"கேள்வி ஏழு நான் எழுதினது. அது தப்பான கேள்வி. எங்க வீட்டுக்கும் கணக்கெடுக்க வந்தாங்க. ஒரே அடுப்புன்னு சொன்னோம். நானும் பக்கத்துல நின்னேன், மறுத்துப் பேசலை. ஆனா எங்க வீட்ல ரெண்டு அடுப்பு எரியுது. நாங்க ரெண்டு குடித்தனம். ரெண்டுன்னு சொன்னா குடும்பம் உடைஞ்சதா ஆயிடும்னு ஒன்னுன்னோம். எங்களை மாதிரி எத்தனை பேர்னு எனக்குத் தெரியாது. தெரியாம இந்த எண்ணை உறுதி பண்ணக் கூடாது. நான் ஒன்பது வருஷமா ஒதுக்கீட்டுப் பட்டியல்ல இருக்கேன். அதையும் எழுதிக்குங்க."

ஏரிக்கரைத் தலைவர் துள்ளி எழுந்தார். "அப்ப இது உங்க சொந்த வீட்டுப் பிரச்சனை!"

"ஆமா சார். எல்லாருக்கும் அது சொந்த வீட்டுப் பிரச்சனைதான்."

சிரிப்பும் சத்தமும். இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். பின்னால் காய்கறிப் பையோடு நின்ற ஒரு பெண் "எங்க வீட்லயும் பொய்தான் சொன்னோம்" என்றாள். சொல்லிவிட்டு யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்த்தாள்.

முடிவு ஒத்திவைப்பு. வீட்டுக்கு எப்படிப் போவேன்?

மே 16, வெள்ளி

நேற்று இரவு வீட்டில் யாரிடமும் சொல்லாமல் படுத்துவிட்டேன், காலையில் செய்தித்தாள் முந்திக்கொண்டது. 'அதிகாரி வீட்டில் இரண்டு அடுப்பு.' மாமா கட்டிலில் உட்கார்ந்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, அதை மடித்து வைத்திருந்தார். கூடத்தில் எல்லாரும். வேறு எங்கே இருப்பார்கள்?

ஓரகத்தி அழுதுகொண்டே அந்தக் கரண்ட் அடுப்பைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். மன்னிப்புக் கேட்டாள். மாமா அதைப் பார்க்கவே இல்லை. என்னைத்தான் பார்த்தார்.

"நாப்பது வருஷம் வீடு வீடாப் போய் கரண்ட் மீட்டர் பாத்தவன்மா நான். என் வீட்டு மீட்டர் என்னா ஓட்டம் ஓடுதுன்னு எனக்குத் தெரியாதா? எட்டு மாசமாத் தெரியும். தெரிஞ்சுதான் ஒன்னுன்னு சொன்னேன்."

தெரியுமா? எட்டு மாதமாகவா? ஒரு வார்த்தை கேட்கவில்லையே அவளை.

"மாமா, ஊர் முழுக்க இப்படிச் சொல்லியிருக்காங்க. அதனால வீடே வராமப் போயிடும்..."

"நீ சொன்னது சரியா இருக்கலாம். ஆனா என் வாயால சொன்ன கணக்கை நீ சபையில வெச்சுத் திருத்திட்டே. என்கிட்ட முதல்ல சொல்லியிருக்கலாம்ல?"

சொல்லியிருக்கலாம். ஒரு மாதம் இருந்தது எனக்கு. இயக்குநரிடம் சொன்னேன், இவரிடம் சொன்னேன், வாளியில் உட்கார்ந்து இந்த நோட்டிடம் சொன்னேன். அவரிடம் சொல்லத் தோன்றவே இல்லை. தினமும் கட்டிலை உரசிக்கொண்டு போகிறேன்.

அடுப்பைச் சமையலறை மேடையில் வைத்துவிட்டு வேலைக்குப் போனாள் ஓரகத்தி. அவளுக்கு இன்று தாமதம்.

மே 29, வியாழன்

இரண்டு உத்தரவு, ஒரே உறையில்.

ஒன்று: ஆறாயிரத்தில் அறுநூறு வீட்டில் மறு கணக்கெடுப்பு. கேள்வி ஏழு நீக்கம். புதுக் கேள்வியைத் தசமம் எழுதியிருக்கிறார், அதுவும் ஒரே வரியில்: 'இடம் கிடைத்தால், இந்த வீட்டில் இருப்பவர்கள் எத்தனை வீடுகளில் வாழ விரும்புவார்கள்?' நான் எழுதியதைவிட நல்ல கேள்வி. பொறாமையாகக்கூட இருக்கிறது.

இரண்டு: இலக்குப் பணியிலிருந்து என்னை விடுவித்து வரைபட அறைக்கு மாற்றம். சொந்த நலன் சம்பந்தப்பட்டிருப்பதால், விசாரணை முடியும்வரை ஒதுக்கீட்டுப் பட்டியலில் என் பெயர் நிறுத்திவைப்பு. விசாரணைக்கு நாள் குறிக்கவில்லை.

ஒன்பது வருஷம். இருநூற்றுப் பன்னிரண்டாவது இடம் வரை நகர்ந்திருந்தேன். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வது என்றால் இதுதான்.

"ஆகட்டும், பாக்கலாம்," என்றார் இயக்குநர், கதவு வரை கூட வந்து. பாவம், அவருக்கும் வேறு வார்த்தை கிடைக்கவில்லை போல.

ஜூன் 2, திங்கள்

வரைபட அறைக்கு ஜன்னல் இல்லை.

ஜூன் 12, வியாழன்

மாமா என்னோடு பேசுவதில்லை. கோபமாக இருந்தாலாவது தேவலாம். சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைக்கிறார். நான் கடக்கும்போது காலை மடக்கிக்கொள்கிறார், வழி விடுவதற்கு. முன்பெல்லாம் மடக்க மாட்டார். 'தாண்டிப் போம்மா' என்பார்.

நான் செய்தது ஊருக்கா, எனக்கா? அன்றைக்கு எழுந்து நின்றபோது மனதில் யார் இருந்தார்கள்? கணக்கில் விட்டுப்போன எட்டாயிரம் குடும்பமா? இல்லை, கண்ணுக்கு முன்னால் வந்தது ஒரு கதவு. என் கதவு. இரண்டு குடித்தனம் என்று சொல்லும்போது, கொழுந்தன் பக்கம் ஒன்று, என் பக்கம் ஒன்று என்று மனதுக்குள் வீட்டைப் பிரித்தே முடித்துவிட்டேன். அதில் தப்பு இல்லை என்று இன்னும் நினைக்கிறேன். ஆனால் ஏன் சாப்பாடு இறங்கவில்லை?

ஜூன் 24, செவ்வாய்

மகள் பரீட்சையில் தேறிவிட்டாள். வேறு ஊரில் படிக்க விண்ணப்பம் போட்டிருக்கிறாள், விடுதியோடு. பாடம் என்ன என்று கேட்டேன். அது அப்புறம் என்றாள். விடுதியில் ஓர் அறைக்கு எத்தனை பேர் என்பதைத்தான் முதலில் பார்த்தாளாம்.

ஜூலை 5, சனி

அதே பெண் மறுபடி வந்தாள். அறுநூறு வீட்டில் எங்கள் வீடும் ஒன்று. இந்தத் தடவை என்னை அவளுக்குத் தெரிந்தது. கண்ணைப் பார்க்காமல் வணக்கம் சொன்னாள்.

எல்லாரும் இருந்தோம். கொழுந்தனும் ஓரகத்தியும் அறை வாசலில். இவர் செய்தித்தாளை விரித்தபடி, பக்கம் புரட்டாமல். நான் ஈரக் கையோடு சமையலறை வாசலில். நான்தான் பதில் சொல்ல வேண்டும் என்று இவர் ஜாடை காட்டினார். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே நின்றேன்.

அந்தப் பெண் கேள்வியைப் படித்தாள். மாமா இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். படித்தாள். இடம் கிடைத்தால், இந்த வீட்டில் இருப்பவர்கள் எத்தனை வீடுகளில் வாழ விரும்புவார்கள்?

"மூணு," என்றார் மாமா.

அவள் தாளைப் புரட்டிப் பார்த்தாள். "ரெண்டு பசங்க குடும்பம்னுதானே இருக்கு ஐயா. மூணாவது?"

"நான்."

"தனியாவா?"

"தனியாத்தான். ஒரு ரூம் போதும். சாத்திக்கிற மாதிரி கதவு இருக்கணும்."

இவர் செய்தித்தாளைக் கீழே வைத்தார். "அப்பா," என்றார். மாமா கையைக் காட்டி நிறுத்தினார். அந்தப் பெண் அடுத்த கட்டத்தைப் படித்தாள்: எப்போதிலிருந்து?

"சின்னவன் கல்யாணத்துலேர்ந்து. என் ரூமை அவங்களுக்கு விட்டுக்கொடுத்தேன்ல, அன்னியிலேர்ந்து. ஆறு வருஷம்." கொஞ்சம் யோசித்தார். "குறை சொல்லலைம்மா. கேட்டியேன்னு சொல்றேன். இதுவரைக்கும் யாரும் கேக்கலை."

குடித்தனத்துக்கு ஒரு தாள் என்று மூன்று தாள் எடுத்து வைத்தாள். முதலாவதில் நான் கையெழுத்துப் போட்டேன், இரண்டாவதில் ஓரகத்தி. மூன்றாவதை மாமா வாங்கி, மடியில் அட்டையை வைத்து, தானே நிரப்பினார். உறுப்பினர் எண்ணிக்கை என்ற கட்டத்தில் 1 என்று எழுதினார்.

அத்தனை பேர் முன்னால் எழுந்து நின்று நான் சொன்ன எண் இரண்டு. அதுவும் தப்பு.